எங்கள் வீட்டு ஆண்களைத் தேடி வந்த முனி

எங்கள் வீட்டில் ஆண்கள் உச்சி வெயிலில் சாவார்கள். காய்ச்சலில் படுத்து, நாலு நாள் கஞ்சி குடித்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு நல்லது கெட்டது சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அப்பாவைப் பெற்ற தாத்தா நாற்பது சொச்சம் வயதில் கரும்புக் கொல்லை ஓரத்து வேப்பமரத்தின் கீழ் போனார். அவருடைய தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, ஓடைக்கரை ஆலமரத்தின் கீழ். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, ரோட்டோரப் புளியமரத்தின் கீழ். மூன்று பேருக்கும் நடந்தது ஒன்றுதான் என்று ஊர் சொன்னது. முனி அடித்துவிட்டது.

முனி உச்சிப்பொழுதில் மரத்தைவிட்டு இறங்கும். குறுக்கே வருகிற ஆளின் நெஞ்சில் ஓர் அறை விடும். அறை வாங்கியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவான், தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல வேர்ப்பான், கொஞ்ச நேரத்தில் சரிந்துவிடுவான். அப்படி அடிபட்டவனைப் பூசாரி வந்து திருநீறு போட்டுக் கயிறு கட்டும்வரைக்கும் விழுந்த இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது. நகர்த்தி ஊர் எல்லையைத் தாண்டினால் ரத்தம் கக்கிவிடுவான். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே தெரியும்.

ஏனென்றால் நான் பயந்த சுபாவம். இன்றைக்கும் அப்படித்தான். பஸ் ஏறிப் போன வீட்டுக்காரர் திரும்பி வர அரைமணி நேரம் தாமதமானால் நான் மனதுக்குள் சாவு வீட்டுக்குப் பந்தல் போட்டுவிடுவேன். அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. கள்ளக்குறிச்சி தென்னார்க்காட்டில் இருந்த காலம். வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுப் பின்பக்கம் நின்றால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். அப்பா கரும்பு வெட்டுகிற ஆள். பெரியப்பா போன பிறகு, அடுத்தது அப்பாதான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் மட்டும் தினமும் நினைத்தேன்.

அப்பா வேலை செய்த கொல்லை அந்தப் புளியமரத்தைத் தாண்டி இருந்தது. ஆனால் முனிக்கு ஒரு பலவீனம் உண்டு. கையில் நெருப்பு இருந்தால் கிட்டே வராது. அதனால் எங்கள் பக்கத்து ஆம்பளைகள் மதிய வேளையில் மரத்தடியைத் தாண்டும்போது ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் சோறு கொண்டுபோகிற வேலை என்னுடையது. சோற்றுத் தூக்கு ஒரு கையில், பீடியும் வத்திப்பெட்டியும் இன்னொரு கையில். மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு கூப்பிடுவேன். அப்பா வருவார்.

"ஏத்திக்கப்பா."

"இப்பதாம்மா ஒண்ணு குடிச்சன்."

"அது அப்ப. இது இப்ப. ஏத்திக்க."

அவர் சிரித்துக்கொண்டே பற்ற வைப்பார். அமாவாசைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் எண்ணிக்கையைக் கூட்டினேன். காலையில் பீடிக்கட்டை அவர் மறந்துவிட்டுப் போனால் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். என் அப்பாவை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் காப்பாற்றி வருகிறேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

அத்தைக்கு இந்த விஷயத்தில் என்மேல் கோபம். அத்தை அப்பாவுக்கு மூத்தவர். மாமா போன பிறகு எங்கள் தெருவிலேயே தனியாக இருந்தார். ஆம்பளைக்குச் சமமாகக் கரும்பு வெட்டுவார், வெட்டிக்கொண்டே பேசுவார், பேச்சு நின்றால் மேஸ்திரி திரும்பிப் பார்ப்பார், ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. கரும்பு இல்லாத மாதங்களில் சித்தாள் வேலைக்குப் போவார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஒரு கட்டடம் கட்டியபோது ஐந்து மாதம் அங்கே மண் சுமந்தார். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண் அசருவார்கள். அத்தை வார்டு வராண்டாவில் போய் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாருக்கு என்ன நோவு, எதனால் வந்தது, ஊசி போட்டதும் எப்படி இருக்கிறது என்று நர்ஸைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வார். நர்ஸுக்கு இவரைக் கண்டாலே ஓடத் தோன்றியிருக்கும்.

அந்த வேலை முடிந்து வந்த அத்தை, ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அப்பாவைக் கேட்டார்.

"ஏண்டா, ஊர்ல இத்தினி குடும்பம் இருக்குது. இந்த முனி நம்ம வூட்டையே தேடிகினு வருதே, இன்னா விஷயம்?"

"நம்ம மேல அதுக்கு கோவம்க்கா."

"இன்னா கோவம்? அதுங்கொல்லையில நாம கரும்பு ஒடிச்சமா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "அண்ணி, பொழுது சாயற நேரத்துல அதப்பத்தி பேசாதீங்க" என்றார்.

"பேசுனா இன்னாம்மா? அது காதுக்கு கேக்கட்டும். நான் ஒண்ணு சொல்றன். அங்க ஆஸ்பத்திரியில ஒரு வாத்தியாரக் கொண்டாந்தாங்க. நெஞ்சப் புடிச்சிகினு, வேர்த்து ஊத்திகினு, அப்படியே நம்ம அண்ணன் மாதிரி. கட்டில்ல படுக்க வெச்சி, நாக்குக்கடியில ஒரு மாத்திர வெச்சாங்க. ஊசி போட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சி அந்த ஆளு செருப்பு மாட்டிகினு நடந்து போறாரு. வகுப்புல நாற்காலியில ஒக்காந்திருந்த மனுசன். அவர எந்த மரத்து முனிடா அடிச்சிது?"

அப்பா, "அது பணக்காரங்களுக்கு வர்ற நெஞ்சு நோவுக்கா. உக்காந்து தின்னு கொழுத்தவங்களுக்கு வரும். என் உடம்புல கறி எங்க இருக்குது?" என்று விலாவைத் தட்டிக் காட்டினார். அப்பா காய்ந்த கரும்புச் சோகை மாதிரி ஒல்லியாக இருப்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அத்தை விடவில்லை. பிறகு ஒரு மாதம் அவர் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர். தாத்தா விழுந்தபோது பக்கத்துக் கொல்லையில் ஏர் ஓட்டிய கிழவரைத் தேடிப் போனார். சின்னத் தாத்தா விழுந்தபோது ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணை அவள் வாழ்க்கைப்பட்ட ஊர்வரைக்கும் போய்ப் பார்த்தார். பெரியப்பாவோடு கடைசியாக நடந்து வந்தவனைச் சாராயக்கடை வாசலிலேயே பிடித்தார். எல்லாரிடமும் அதே கேள்விகள். எந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்? என்ன சொன்னார்? வேர்த்ததா, வாந்தி எடுத்தாரா? அதற்கு முந்தின நாள் எப்படி இருந்தார்?

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னதை நானும் உட்கார்ந்து கேட்டேன்.

"மூணு பேரும் இடது கைய புடிச்சிருக்காங்க. எரும மிதிச்சாப்ல இருக்குதுன்னு அப்பா சொல்லிச்சாம். சின்னய்யாவுக்கு ரெண்டு நாளாவே மேடு ஏறினா நெஞ்சு அடைச்சிருக்குது, யாருகிட்டயும் சொல்லல. அண்ணனுக்கு ரோட்டுலயே நோவு வந்துடுச்சி. கூட வந்தவன் சொல்றான். வெயில்ல நிக்க முடியலடான்னு சொல்லிட்டு, அண்ணந்தான் மரத்தப் பாத்து நடந்து போயிருக்குது." இங்கே அத்தை விரலை நீட்டி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "மரத்துக்கிட்ட போனதால நோவு வரல. நோவு வந்ததாலதான் மரத்துக்கிட்ட போனாங்க. நெழலுக்கு."

இத்தனை வருஷம் ஊரே பார்த்து, ஊரே அழுது, கிடா வெட்டிப் பொங்கல் வைத்த விஷயத்தை, மண் சுமக்கிற ஒரு பொம்பளை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டாள்.

இது பூசாரி காதுக்கும் போனது. அவர் கெட்டவர் இல்லை. என் தலையில் கை வைத்துப் பலமுறை மந்திரித்தவர். "ஆஸ்பத்திரி நியாயம் வேற, அய்யன் நியாயம் வேற தாயி" என்று மட்டும் சொன்னார். அத்தை, "ரெண்டுலயும் சாவு ஒண்ணுதானே பூசாரி" என்றார்.

அப்பாவை ஒருதரம் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டச் சொல்லி அத்தை தினமும் நச்சரித்தார். கரும்பு வெட்டு முடியட்டும் என்று அப்பா தள்ளிப் போட்டார். பீடியையாவது விடு என்றார் அத்தை. அங்கேதான் நான் குறுக்கே நின்றேன். அத்தை பிடுங்கி எறிந்த பீடிக்கட்டைக் குப்பையிலிருந்து பொறுக்கி வந்து அப்பாவிடம் கொடுத்தேன். அத்தைக்கு விஷயம் தெரியாது, நெருப்பு இல்லாமல் அப்பா எப்படி மரத்தைத் தாண்டுவார் என்பது என் கவலை.

தை மாதம். பொங்கல் லீவு. வெட்டு மும்முரமாக நடந்த நேரம். அன்றைக்கு நான் சோற்றோடு போனபோது அப்பா வழக்கத்தைவிட மெதுவாக வந்தார். நான் பீடியை நீட்டினேன். பற்ற வைத்தார். இரண்டு இழுப்பு இழுத்திருப்பார். பீடி விரலிலிருந்து நழுவியது. மரத்தைப் பார்த்து நாலு எட்டு வைத்து, வேரில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாப்பா?"

"நெஞ்சு மேல யாரோ ஒக்காந்துகினு இருக்கறாப்ல இருக்குதும்மா."

காலையில் பனி பெய்து இன்னும் குளிர் விடாத நாள். அவர் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. கையைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. நெருப்பு கையில் இருக்கும்போதே முனி அடித்துவிட்டதே என்பதுதான் எனக்குப் புரியவில்லை. வத்திக்குச்சியைக் கிழித்துக் கிழித்து அவர் முகத்துக்கு முன்னால் காட்டினேன். ஒன்று அணைந்ததும் அடுத்தது. அப்புறம்தான் எனக்குக் கத்தத் தோன்றியது.

கொல்லையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் ஐந்தடி தள்ளி நின்றார்கள். எந்த மரம், எந்த வீட்டு ஆள் என்று பார்த்ததுமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. ஒருவன் பூசாரி வீட்டுக்கு ஓடினான். திரும்பி வந்து, பூசாரி சங்கராபுரம் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றான். அம்மா வந்து அப்பாவின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் தூக்கிவிடக் கூடாது என்பதற்காக.

அத்தை கடைசியாகத்தான் வந்தார். தூரத்துக் கொல்லையில் வேலை. கையில் கரும்பு வெட்டுகிற கத்தி அப்படியே இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"கை நோவுதாடா?"

அப்பா தலையை ஆட்டினார்.

"இடதா?"

அதற்கும் ஆட்டினார்.

அத்தை நிமிர்ந்தார். "ரெண்டு பேரு வாங்கடா. தூக்குங்க."

ஒருவரும் வரவில்லை. "எல்ல தாண்டுனா ரத்தம் கக்கிடுவாருக்கா" என்று ஒருவன் சொன்னான். அப்பாவே முனகினார். "அக்கா... பூசாரி வரட்டும்..."

"பூசாரிய நேரா கள்ளக்குறிச்சிக்கு வரச் சொல்லியாச்சிடா. அங்க வந்து கயிறு கட்டுவாரு. நீ பேசாத."

சுத்தப் பொய். அவ்வளவு வேகமாக ஒரு பொய்யை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

ஆனால் அம்மா காலை விடவில்லை. "அண்ணி, உங்க தம்பி உசுரு அண்ணி. நகத்தாதீங்க. உங்க காலுல விழறன்" என்று அழுதார். அம்மாவை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்த நிமிஷத்தில் அப்பாவைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அத்தை அம்மாவுக்கு எதிரில் குந்தினார். குரல் இறங்கிவிட்டது. "பாரும்மா. எங்கப்பன நகத்தாம வெச்சிருந்தோம். எங்க சின்னய்யாவ நகத்தாம வெச்சிருந்தோம். எங்கண்ணன் இதே வேருல, இதே எடத்துல கெடந்தான், நானுந்தான் நகத்தாதீங்கன்னு கத்தினன். ஒருத்தராவது எழுந்து வந்தாங்களா? இவன ஒருத்தன மட்டும் நகத்திப் பாக்கலாம். எனக்கு குடு."

அம்மாவின் கை மெதுவாகத் தளர்ந்தது.

அப்போது மலையிலிருந்து ஒரு வேன் இறங்கி வந்துகொண்டிருந்தது. மலையில் கடுக்காய், புளி, தேன் என்று வாங்கிக் கள்ளக்குறிச்சியில் கடை வைத்து விற்கிற ஒரு பாயுடைய வேன். வாரத்துக்கு இரண்டு நாள் அந்த வழியாகப் போகும், எங்கள் ஊரில் நிற்காது. அத்தை நடு ரோட்டில் போய் நின்றார். வேன் ஒலி எழுப்பியது. அத்தை நகரவில்லை. வேன் அவர் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

பாய் தலையை வெளியே நீட்டினார். "அக்கா, வண்டிதான் நின்னுடுச்சே. அந்தக் கத்திய கீழ போடுக்கா."

அப்போதுதான் அத்தை தன் கையைப் பார்த்தார். கத்தியைச் சாலையோரம் வீசினார். "என் தம்பிக்கு நெஞ்சு நோவு. ஆஸ்பத்திரிக்கு போவணும்."

பாய் மரத்தடியைப் பார்த்தார், ஐந்தடி தள்ளி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து கடுக்காய் மூட்டைகளை ரோட்டிலேயே தள்ளினார். "கெடந்தா கெடக்கட்டும், யாரு தின்னப் போறா" என்றார். அவரும் அத்தையும்தான் அப்பாவைத் தூக்கினார்கள். அப்பா தானே நடக்கிறேன் என்று காலை ஊன்றப் பார்த்தார். "ஒரு அடி வெச்சே, காலை ஒடிச்சிடுவன்" என்று அத்தை திட்டினார். மீதி இருந்த மூட்டைகளில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். என்னை யாரும் ஏறச் சொல்லவில்லை. நானே ஏறிக்கொண்டேன்.

எல்லைக்கல் வருகிற இடம் எனக்குத் தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அப்பா குமட்டி வாந்தி எடுத்தார். அம்மா வீறிட்டார். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். கஞ்சியும் இரண்டு துண்டு வெங்காயமும். ரத்தம் இல்லை. அத்தை தன் முந்தானையால் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு அம்மாவிடம், "நல்லா பாத்துக்கோ, வெறும் கஞ்சி" என்றார்.

ஆஸ்பத்திரியில் அத்தை யாரையும் வழி கேட்கவில்லை. சுவர் எழும்பும்போதே பார்த்த இடம். "மண்ணு சுமந்த அக்காதான நீங்க?" என்று ஒரு நர்ஸ் கேட்டுக்கொண்டே ஓடி வந்தார். நாக்குக்கடியில் மாத்திரை வைத்தார்கள், ஊசி போட்டார்கள். பிறகு பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இளவட்டப் பையன் அப்பாவின் சட்டையைக் கழற்றி, நெஞ்சில் எதையோ தடவி, வயர்களை ஒட்டினான். பெட்டியிலிருந்து கோடு போட்ட தாள் நீளமாக வந்தது. அத்தை அந்த வாசலிலேயே நின்றார். அறைக்குக் கதவு இல்லை, பாதித் திரைதான். முடிகிறவரை அவர் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு எங்களைக் கேட்டார். "குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கா?"

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். அம்மாவைப் பொறுத்தவரை அது உண்மை.

அத்தை சொன்னார். "மூணு பேருக்கு வந்துது டாக்டர். எங்கப்பா, அவுரு தம்பி, எங்கண்ணன். மூணு பேரும் அம்பது தாண்டல. நாங்க முனின்னு சொல்லிக்கினு இருந்தோம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அத்தையை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு அத்தை ஒவ்வொரு சாவாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எந்தக் கை, எத்தனை நேரம், முந்தின நாள் எப்படி. எங்கள் குடும்பத்து ஆண்கள் எப்படிச் செத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் காகிதத்தில் ஏறியது.

"பீடி குடிப்பாரா?"

"ஏதோ ஒண்ணு ரெண்டு" என்றார் அம்மா.

ஆஸ்பத்திரியில் பொய் சொல்லக் கூடாது என்று எனக்கு பயம். "ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு. வெள்ளிக்கெழம இன்னும் ஜாஸ்தி. நாந்தான் எடுத்துக் குடுப்பன்" என்றேன். யாராவது மெச்சுவார்கள் என்றுகூடக் கொஞ்சம் எதிர்பார்த்தேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "இனிமே குடுக்காதம்மா" என்று மட்டும் சொன்னார். ரத்தக் குழாய் உள்ளே சுருங்கி அடைத்துக்கொள்வதையும், பீடி அதை எப்படிச் சீக்கிரமாக்கும் என்பதையும், ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அம்மாவுக்கு விளக்கினார். ஒல்லியாக இருப்பவனுக்கு வராது என்று சட்டம் இல்லை என்றார். அப்பன், அண்ணன் என்று வந்த வீட்டில் அடுத்தவனுக்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும் என்றார். அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவருக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் வத்திப்பெட்டியைப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் போய் ஜன்னல் வழியாகப் போட்டேன்.

அப்பா பிழைத்துவிட்டார். மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். ஊரிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பூசாரியும் வந்தார், திருநீறு பூசிவிட்டு, அத்தையிடம், "உன் பொய்யக் காப்பாத்தத்தான் வந்தன் தாயி" என்றார். அத்தை அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பாய் ஒருநாள் ஆரஞ்சுப்பழம் கொண்டுவந்தார். மூட்டை ஒன்றுகூடக் குறையவில்லையாம். முனி மரத்தடியில் கிடந்ததால் யாரும் தொடவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று டாக்டர் வார்டுக்கு வந்தார். நர்ஸ் இருந்தார், பக்கத்துக் கட்டில்காரர்கள் இருந்தார்கள், அந்த வயர் ஒட்டுகிற பையனும் கையில் தாளோடு நின்றான். டாக்டர் அத்தையைப் பார்த்து, "நீங்களும் ஒரே ரத்தம்தானேம்மா. வந்தது வந்தீங்க, அந்த அறையில படுத்து ஒரு படம் எடுத்துக்கிட்டு போயிடுங்க. பத்து நிமிஷம்" என்றார்.

அத்தை முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார். "எங்க வூட்டு முனி ஆம்பளைங்களத்தான் டாக்டர் அடிக்கும். பொம்பளைங்கள தொடாது. அதுக்கு மருவாதி தெரியும்."

வார்டே சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கோ அது வெறும் வேடிக்கை இல்லை, பெரிய நிம்மதி. நானும் பொம்பளைப் பிள்ளை, என்னையும் தொடாது. அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மூன்று சாவையும் துருவித் துருவிக் கண்டுபிடித்தவர் இதையும் விசாரிக்காமலா சொல்வார்?

அப்பா அப்புறம் கரும்பு வெட்டவில்லை. பாய் கடையில் உட்கார்ந்து கடுக்காய் பொறுக்கித் தரம் பிரித்தார். வெட்டுக்கு என் கை தேவைப்பட்டது. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அப்பா எழுபது தாண்டி வாழ்ந்தார். என் தம்பிகள் இரண்டு பேரையும் பதினைந்து வயதிலிருந்தே வருஷா வருஷம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவர் அத்தைதான். பெரியப்பா பிள்ளைகளையும் விடவில்லை. ஒருவன் வாயில் பீடி வாடை வந்தால் தெருவிலேயே வைத்து அறைவார். இன்றைக்கு எங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஆம்பளைகள் நாலு பேர் இருக்கிறார்கள். முன்னே அப்படி ஒருத்தரும் இருந்ததில்லை.

அப்பாவுக்கு வந்து பதினோரு வருஷம் கழித்து அத்தைக்குத் தாடை வலி வந்தது. பல் என்று நினைத்தார், நாங்களும் நினைத்தோம். நெஞ்சு வலிக்கவே இல்லை. களைப்பாக இருக்கிறது என்று சொல்லிப் பகலில் படுத்தார். அத்தை பகலில் படுத்து நாங்கள் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மாலையில் எழுப்பப் போனால் எழவில்லை. வீட்டுக்குள், கூரைக்குக் கீழே, எந்த மரத்து நிழலும் இல்லாத இடத்தில்.

அவர் ஏன் அந்தப் பத்து நிமிஷம் படுக்கவில்லை என்று பல வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். தனக்கு வராது என்று அவர் நிஜமாகவே நம்பினார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கு நாற்பத்தெட்டு வயதானபோது என் மகள் வற்புறுத்தி என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனாள். கட்டிலில் படுத்தேன். வயரைக் கையில் வைத்துக்கொண்டு, மீசை அரும்பிய ஒரு பையன், "ரவிக்கைக் கொக்கிய கழட்டிக்குங்கம்மா" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். என்னை அறியாமல் என் கை முந்தானையை இழுத்துத் தோளை மூடியது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாமா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு வார்டில் அத்தை முந்தானையை இழுத்து மூடியது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஊரையும் முனியையும் எதிர்த்து நின்றவர், பாதித் திரை போட்ட அறையில், ஒரு பையனுக்கு முன்னால் அந்தக் கொக்கியை அவிழ்க்க முடியாமல் போனார். அதைச் சொல்லவும் முடியாமல் எங்கள் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அன்று வார்டில் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகும், பத்து வயதுப் பிள்ளை நான் மட்டும் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.